முஹன்னத் வாளும் தகடூர் இரும்பும்

அரபு மதரஸாக்களில் இலக்கியம் பயின்றோர் 'பானத் ஸுஆத்' என்னும் கஸீதாவை அறியாதிரார். கஅப் இப்னு ஜுஹைர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் வந்து, மன்னிப்புக் கோரிப் பாடியது அது. அண்ணலார் தம் போர்வையை அவருக்கு அளித்துச் சிறப்பித்தார்கள் என்பது வரலாறு. நம் வீடுகளில் ஓதப்பெறும் பூஸிரி இமாமின் புர்தாவுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது இது. அக்கஸீதாவில் அண்ணலாரை உறையினின்றும் உருவப்பட்ட வாளுக்கு உவமிக்கும் இடத்தில் கவிஞர் ஆளும் சொல் 'முஹன்னத்' என்பதாகும். ஹிந்திலே, அஃதாவது இந்தியாவிலே, ஆக்கப்பெற்ற எஃகு வாள் என்பது அதன் பொருள்.

தருமபுரியில் இக்கஸீதாவைப் பாடம் நடத்திய நாளொன்றில் மாணவன் ஒருவன் எழுந்தான். "உஸ்தாத், மதீனாவில் பாடப்பட்ட வாளுக்கு இந்தியாவின் பெயர் எப்படி வந்தது? அந்த இரும்பு இந்தியாவில் எந்த ஊர் இரும்பு?" என்று கேட்டான். முதற் கேள்விக்கு அப்பொழுதே விடை கூறினேன். இரண்டாவது கேள்விக்குத் தேடிப் பார்த்துச் சொல்வதாக வாக்களித்தேன். அத்தேடல் இரும்பில் தொடங்கி, கண்ணுக்குப் புலனாகாத அணுக்களின் அணிவகுப்பு வரை என்னைக் கொண்டு சென்றது. அதையே ஈண்டு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தகடூரின் இரும்பு

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் அது. அவனுடைய தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அங்குப் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த ஆயுதங்களைக் கண்டு பாடிய பாட்டு, புறநானூற்றில் 95ஆவது பாட்டாக இருக்கிறது. எம் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று இகழ்வது போலப் புகழ்கிறார் அவர். போரின் பெருமையைக் கூறவந்த அப்பாட்டு, தகடூர் நாட்டில் கொல்லனின் உலைக்களம் ஓயாது இயங்கியது என்பதையும் சொல்லாமற் சொல்லிவிடுகிறது.

இரும்பு இப்பகுதிக்கு மிகப் பழையது. 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்றும் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004இல் தருமபுரியினின்றும் கிருஷ்ணகிரி பிரிந்தது. அக்கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம், கரிமப் பகுப்பாய்வின்படி கி.மு. 2172 என்று 2022 மே மாதத்தில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

மூலப்பொருளுக்கும் இங்குக் குறைவில்லை. 1864இல் இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த கிங், ஃபூட் ஆகிய இருவரும் பழைய சேலம் மாவட்டத்தின் காந்த இரும்புக்கல் மலைகளை ஐந்து தொகுதிகளாக வகுத்து எழுதினர். கஞ்சமலை, கோதுமலை, தலைமலை-கொல்லிமலை, சிங்கபட்டி, தீர்த்தமலை என்பன அவை. இவற்றுள் தீர்த்தமலை இன்று தருமபுரி மாவட்டத்தின் அரூர்ப் பகுதியில் இருக்கிறது.

மூசையில் விளைந்த உருக்கு

கல்லைக் கரியோடு இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி எடுப்பது தேனிரும்பு. அது மெதுவானது; கூர்மை நிலைக்காது. அதை உருக்காக்கும் முறையே தென்னாட்டுக் கொல்லரின் தனிச்சிறப்பு. உமிக்கரி கலந்த களிமண்ணால் சிறு மூசைகளைச் செய்வர். இரும்புத் துண்டுகளை அவற்றில் இட்டு, உலர்ந்த ஆவாரங் கட்டையைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் கவிகை போல அடுக்கி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் விடாது ஊதுவர். மூசைக்குள் கட்டையும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பிற் கலந்து, இரும்பு உருகும். ஆறியபின் மூசையை உடைத்தால் அரை இராத்தல் முதல் இரண்டு இராத்தல் வரை எடையுள்ள உருக்குக் கட்டி கிடைக்கும். இம்முறையை நேரிற் கண்டு எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். நாம் மஹ்மூத் பந்தர் என்றழைக்கும் பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பாலை நடத்தியவர் இவரே.

இக்கட்டியில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு கரி கலந்திருந்தது. தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு எனப்பட்ட இதனை மேனாட்டார் 'ஊட்ஸ்' என்றனர். உக்கு என்பதன் திரிபே அது என்பர் அறிஞர் பலர்.

அரபு நூல்களின் சான்று

இத்தகைய உருக்கு கடல் கடந்து சென்றதற்கு அரபு ஏடுகளே தலையாய சான்று. தத்துவ மேதை அல்-கிந்தி, கலீஃபா முஃதஸிம் (ஆட்சி கி.பி. 833-842) அவர்களுக்காக வாள்களைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார். இரும்பை வன்மையான ஆண் இரும்பு, மென்மையான பெண் இரும்பு என்றும், தூய்மையாக்கிய உருக்கை 'ஃபூலாத்' என்றும் அவர் பகுத்தார். யமன் நாட்டு வாள், ஹிந்த் நாட்டு வாள், சரந்தீப் உருக்கில் அடித்த வாள் என இனம் பிரித்து, ஒவ்வொன்றின் அடையாளத்தையும் குறித்தார். சரந்தீப் என்றது இலங்கையை. அங்குச் சமனலவெவ பகுதியில் மலைச்சரிவிலே பருவக்காற்றின் விசையால் எரிந்த பழைய இரும்புலைகளை கில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். அல்-கிந்தியின் சொல்லுக்கு ஆயிரம் ஆண்டுகட்குப் பின் மண் சாட்சி சொன்னது எனலாம்.

அல்-பீரூனியும் தம் முதுமையில் இயற்றிய 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் நூலில் இரும்புக்கென ஓர் அத்தியாயம் வகுத்தார். 12ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரைக்கும் ஏடனுக்கும் இடையே வாணிகம் செய்தோரின் கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூத ஆலயமொன்றில் கிடைத்துள்ளன. மிளகோடு இரும்பும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியதை அவை காட்டுகின்றன.

அவ்வாள்களைக் கண்டவுடன் இனங்காண உதவியது அவற்றின் மேனியில் ஓடிய நீரலை போன்ற வரி. அரபியர் அதனை 'ஃபிரிந்த்' என்றனர். பிற்காலத்தில் 'ஜவ்ஹர்' என்ற சொல்லும் வழங்கிற்று. ஜவ்ஹர் என்பது மணி. உட்பொருள் என்றும் பொருள்படும். இல்முல் கலாம் கற்றோர்க்கு இச்சொல் வேறொரு வகையிலும் பழக்கமானது. பொருளைப் பிளந்துகொண்டே போனால் இனிப் பிளக்கவியலாமல் எஞ்சும் கூற்றை முதகல்லிமீன்கள் 'அல்-ஜவ்ஹருல் ஃபர்த்' என்றனர். வாளின் வரிக்கும் அணுவுக்கும் ஒரே சொல் அமைந்தது மொழியின் தற்செயல்தான். ஆயினும் வாளின் வரி எதனால் உண்டாயிற்று என்ற கேள்விக்கு விடை, இறுதியில் அணுக்களின் அணிவகுப்பிலேயே கிடைத்தது.

ஐரோப்பாவின் தேடல்

1794இல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஸ்காட் இலண்டனில் ஜோசஃப் பாங்க்ஸுக்கு ஊட்ஸ் கட்டிகளை அனுப்பினார். அவற்றைச் சோதித்த ஜார்ஜ் பியர்சனின் கட்டுரை 1795இல் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. பின்னர், மின்னியலில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே தம் இளமையில், 1819 முதல், ஸ்டோடார்ட் என்னும் கத்தி வினைஞரோடு சேர்ந்து ஊட்ஸைப் போல உருக்குச் செய்ய முயன்றார். ருஷ்ய நாட்டில் பாவெல் அனோசொவ் 1830களில் ஏறத்தாழ அவ்வரிகளை வரவழைத்தார். எனினும் முழு விளக்கம் எவருக்கும் கிட்டவில்லை.

இதே ஃபாரடே 1857இல் தங்கத்தை ஆராய்ந்தார். தங்கக் கரைசலினின்றும் மிக நுண்ணிய துகள்களைப் பிரித்தபோது நீர் மாணிக்கச் சிவப்பாயிற்று. பொன் தன் நிறத்தை இழந்து சிவந்ததற்குத் துகளின் நுண்மையே காரணம் என்று அவர் உணர்ந்தார். இன்று அவற்றை நானோ துகள்கள் என்கிறோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வருவது ஒரு நானோமீட்டர். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் அதன் சிறுமை விளங்கும்.

அச்சிறு உலகில் அளவு மட்டுமின்றி வடிவமும் பேசுகிறது. உலோகத்தின் அணுக்கள் ஜமாஅத் தொழுகையின் ஸஃபுகளைப் போல இடைவெளி பிசகாமல் வரிசையில் நிற்கின்றன. இவ்வொழுங்கையே படிக அமைப்பு என்பர். பொன்னில் கனசதுரத்தின் எட்டு முனைகளிலும், ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் நிற்கும். ஆனால் துகள் மிகச் சிறியதாகும்போது பெரும்பாலான அணுக்கள் புறத்தே நிற்க நேர்கிறது. புறத்தே நிற்கும் அணுவுக்கு அண்டை அயலார் குறைவு. அதனால் அதற்கு அமைதியில்லை. அவ்வமைதியின்மையைக் குறைக்கும் பொருட்டுத் துகள் தன் வடிவையே மாற்றிக்கொள்கிறது. 1966இல் ஜப்பானிய அறிஞர் ஷோஸோ இனோ உப்புப் படிகத்தின் மீது படியவைத்த பொற்றுகள்களில், இருபது முக்கோண முகங்களும் பத்து முகங்களும் கொண்ட வடிவங்களைக் கண்டார். ஐந்து கூறாகத் திரும்பும் அவ்வொழுங்கு பெரும்பரப்பில் இடைவெளியின்றிப் பொருந்தாது. ஆகவே துகள் வளர வளர உள்ளே இறுக்கம் மிகுந்து, வழக்கமான கனசதுர ஒழுங்குக்கே அது திரும்பிவிடுகிறது. நிறமும் வடிவத்தைத் தொடர்கிறது: உருண்டையான பொற்றுகள் சிவக்கும், நீண்ட கோலாக வளர்ந்தால் வேறு நிறம் காட்டும்.

இத்தகைய துகள்களை அறியாமலே ஆக்கியவர்கள் 9ஆம் நூற்றாண்டில் இராக்கில் வாழ்ந்த குயவர்கள். வெள்ளி, செம்பு ஆகியவற்றின் உப்புக்களை மெருகிட்ட கலத்தின்மேல் பூசி, புகை மண்டிய சூளையில் சுட்டனர். மெருகுக்குள் வெள்ளியும் செம்பும் நானோ துகள்களாகப் படிந்து பொன்போல் மின்னின. கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சூழ்ந்துள்ள ஓடுகளில் அம்மினுமினுப்பை இன்றும் காணலாம்.

வரிகளின் உட்பொருள்

இனி வாளுக்கு வருவோம். இரும்பின் அணுக்கள் சாதாரண வெப்பத்தில் கனசதுரத்தின் எட்டு முனைகளிலும், நடுவே ஒன்றுமாக நிற்கும். இந்த ஒழுங்கில் கரி அணுவுக்கு இடம் மிக அரிது. 912 பாகை செல்சியஸைத் தாண்டியதும் ஒழுங்கு மாறி, பொன்னைப் போல முகங்களின் நடுவிலும் அணுக்கள் நிற்கின்றன. இவ்வமைப்பு 1147 பாகையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை கரிக்கு இடம் கொடுக்கும். ஆகவே சூட்டில் கரைந்திருந்த கரி, குளிரும்போது தங்க இடமின்றி வெளியேறுகிறது. மூன்று இரும்பணுவுக்கு ஒரு கரியணுவாகக் கூடிச் 'சிமென்டைட்' என்னும் மிகக் கடினமான படிகமாகிறது.

அச்சிமென்டைட் கண்டபடி சிதறினால் உருக்கு நொறுங்கும். வரிசையாக அணிவகுத்தால் கடினமும் நெகிழ்வும் ஒருங்கே அமையும். எது அதனை அணிவகுக்கச் செய்தது? அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவன், பெண்ட்ரே என்னும் கொல்லரோடு சேர்ந்து பல்லாண்டு உழைத்து, 1998இல் விடை தந்தார். கனிமத்தில் இயல்பாகக் கலந்துள்ள வனேடியம், மாலிப்டினம் போன்ற உலோகங்கள் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தாலே போதும். உருக்கு உறையும்போது அவை குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒதுங்குகின்றன. பிறகு கொல்லன் மீண்டும் மீண்டும் மிதமாகச் சுட்டு அடிக்கும்போது, அவ்விடங்களிலேயே சிமென்டைட் துகள்கள் வரிசை வரிசையாக வளர்கின்றன. வாளை அமிலத்தால் துடைத்தால் அவ்வரிசைகளே வெண்மையாகத் தோன்றுகின்றன. ஃபிரிந்த் என்று அல்-கிந்தி குறித்த அடையாளம் இதுவே.

2006 நவம்பரில், ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரப் பேராசிரியர் பாஃப்லரும் அவர் குழுவினரும் 'நேச்சர்' இதழில் மேலும் ஒரு செய்தி வெளியிட்டனர். பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த, அஸதுல்லாஹ் என்னும் கொல்லர் அடித்ததாகக் கூறப்படும் 17ஆம் நூற்றாண்டு வாளொன்றின் சிறு துண்டை அவர்கள் ஆராய்ந்தனர். சில நானோமீட்டர் முதல் பல பத்து நானோமீட்டர் தடிப்புள்ள சிமென்டைட் கம்பிகள் அதனுள் இருந்தன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது எஞ்சியவை, கரி அணுக்களாலான நுண்குழாய்கள் என்றும் அவர்கள் கூறினர். வெர்ஹோவன் இதை முழுதும் ஏற்கவில்லை. சிமென்டைட் தானே கம்பி வடிவம் எடுக்கக்கூடும், குழாய்தான் என்பதற்கு மேலும் சான்று வேண்டும் என்றார்.

மிகையும் குறையும்

இச்செய்தி வந்தபின் மேடைகளில் ஒரு பேச்சு எழுந்தது. நம் முன்னோர் அன்றே நானோ விஞ்ஞானம் அறிந்திருந்தனர் என்பது அப்பேச்சு. இது கேட்கச் சுவையானது. ஆனால் உண்மைக்குப் புறம்பானது. அணுவைக் காணும் கருவி அவர்களிடம் இருந்ததில்லை. அணிவகுப்பின் காரணத்தை அவர்கள் அறிந்ததுமில்லை. அவர்கள் அறிந்தவை வேறு. எந்தக் கல், எந்தக் கட்டை, எத்தனை நாழிகை, என்ன நிறத்துச் சூடு, எப்பொழுது அடி, எப்பொழுது நிறுத்து என்பவற்றை அறிந்திருந்தனர். இந்த அறிவைச் சிறிதென்று எண்ணற்க. ஃபாரடேயும் அனோசொவும் ஆண்டுக் கணக்கில் தேடிய அறிவு அது.

மறுபுறம், அவ்வாளின் புகழ் முழுவதையும் டமாஸ்கஸ் என்ற பெயரோடு முடித்துவிடுவதும் நீதியாகாது. அடித்த கை ஈரானிலோ ஷாமிலோ இருந்திருக்கலாம். உருக்கிய கை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது. அல்-கிந்தி அதை மறைக்கவில்லை. அரபு மொழியே 'முஹன்னத்' என்ற சொல்லில் அக்கடனை ஒப்புக்கொண்டு நிற்கிறது. நாம் பெற்ற புகழைச் சொல்லும் அதே நாவால் பிறர்க்குரியதையும் சொல்வதே வரலாற்றில் அமானிதம் பேணுதலாகும்.

இக்கலை மறைந்தது ஏன்? ஆங்கிலேய ஆலைகளின் மலிவான இரும்பு வந்து குவிந்தது. 1882இன் சென்னை வனச் சட்டம் போன்றவை கரிக்கு விறகு எடுப்பதைக் கட்டுப்படுத்தின. 1878இன் ஆயுதச் சட்டத்தால் வாளுக்குத் தேவை குறைந்தது. ஏற்ற உலோகங்கள் கலந்த கனிமம் தீர்ந்துபோனதும் ஒரு காரணமாகலாம் என்பது வெர்ஹோவன் கருத்து. இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் கருதுவது ஒன்றுண்டு. வாளை வாங்கிய நாட்டில் அல்-கிந்தி இருந்தார், எழுதினார். உருக்கிய நாட்டில் உலைக்களத்தில் நின்றவன் எழுதவில்லை. எழுத்தறிந்தவன் உலைக்களத்துக்குப் போகவில்லை. தந்தை மகனுக்குக் கையால் காட்டிய கலை, மகன் வேறு தொழிலுக்குப் போன அன்றே முடிந்துவிட்டது. ஈற்றில் அதை எழுதி வைத்தவர் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த ஆங்கிலேயரே. நம் ஊர்களில் தோல் பதனிடுவோர், மரக்கலம் கட்டுவோர், பாய் முடைவோர் ஆகியோரின் கையறிவும் இன்று அதே நிலையில்தான் இருக்கிறது.

அம்மாணவனை மறுபடி அழைத்தேன். "கஅப் (ரலி) அவர்களின் வாய்ச்சொல்லில் வந்த வாள் தகடூர் இரும்பு என்று சொல்லச் சான்றில்லை. தகடூர் இரும்பு அன்று என்று சொல்லவும் சான்றில்லை. தென்னாட்டு உருக்கின் கீர்த்தி அரபகத்தை எட்டியிருந்தது. அந்நாட்டில் நம் மலைகளும் உள. அவ்வளவே நாம் உறுதியாகச் சொல்லலாம்" என்றேன். அவன் முகம் சற்று வாடியது. தன் பாட்டனார் சாணை பிடிக்கும் தொழில் செய்பவர் என்றும், கல்லில் தெறிக்கும் பொறியைப் பார்த்தே இது நல்ல உருக்கு, இது வெறும் இரும்பு என்று சொல்லிவிடுவார் என்றும் அவன் பேச்சுவாக்கில் கூறினான். கரி மிகுந்த உருக்கின் பொறி பூப்போலக் கிளைத்துச் சிதறும் என்பதை உலோகவியல் நூல்களும் கூறுகின்றன. "அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்றேன்.

அடுத்த வாரம் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பொறியின் நிறம், நீளம், கிளை ஆகியவை ஒவ்வோர் இரும்புக்கும் எப்படி வேறுபடும் என்று பாட்டனார் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை. தேதியும் ஊரும் சொன்னவர் பெயரும் மட்டும் மேலே குறிக்கச் சொன்னேன்.